பல்லுக்கும் வந்துடுச்சு கூச்சம்!

மேல படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குட்டி டெஸ்ட். வாயை லேசா திறங்க. பல் இடுக்கு வழியா காத்தை 'ஸ்ஸ்ஸ்'னு உள்ளே இழுங்க. ஒண்ணும் ஆகலையா? கொடுத்து வெச்சவங்க நீங்க!

போன ஆகஸ்ட் மாசம் நானும் இதே மாதிரி காத்தை இழுத்தேன். வேணும்னு இல்லீங்க. செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரத்துக்கு ஃபிரெண்டோட பைக்ல போய்க்கிட்டிருந்தேன். அவன் ஏதோ கடி ஜோக் சொன்னான், நானும் மரியாதைக்கு 'ஹ்ஹா'ன்னு சிரிச்சேன். அவ்வளவுதான். எதிர்க்காத்து நேரா வந்து முன்பல்லுல மோதுச்சு பாருங்க... ஈ.பி. லைன்ல கை வெச்ச மாதிரி ஒரு ஷாக். தாடைலேர்ந்து காது வரைக்கும் சுர்ர்ர்னு ஏறி, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"மச்சி, ஜோக் அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"ன்னு கேட்டான் அந்தப் பாவி.

நாலு நாள் முன்னாடிதான் ஆறாயிரம் ரூபா செலவு பண்ணி என் பல்லை வெள்ளையாக்கி இருந்தேன். எதுக்குத் தெரியுமா? தைரியமா வாயைத் திறந்து சிரிக்கிறதுக்கு. வெள்ளையாக்கின பிறகு வாயையே திறக்க முடியலை. விதி வலியதுன்னு சொல்வாங்களே, அது பல்வலியாவும் வரும் போல.

பேரு 'பாக்கு'

கதையை முதல்லேர்ந்து சொல்லிடறேன். நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டத்துல, பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். எங்க ஊர்ல யாரு சிரிச்சாலும் பல்லுல காவிக் கலர் கோடு இருக்கும். எங்கப்பாவுக்கு இருக்கு, அத்தைக்கு இருக்கு, என்கூடப் படிச்ச பாதிப் பேருக்கு இருக்கு. அதனால ஊர்ல இருந்த வரைக்கும் அது ஒரு விஷயமாவே தெரியலை. எல்லாருக்கும் மூக்கு இருக்கிற மாதிரி, எல்லாருக்கும் கறை.

பிளஸ் டூ முடிச்சு, செங்கல்பட்டு பக்கம் இன்ஜினீயரிங் சேர்ந்தப்பதான் சிக்கல் ஆரம்பிச்சது. முதல் வாரமே ஹாஸ்டல்ல என் பெட்டியைப் பிரிச்சு செக் பண்ணினாங்க. "உண்மையைச் சொல்லு, எவ்வளவு நாளா பாக்கு போடறே?" நான் அழாத குறையா, "சார், பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான் சார்"னு சொன்னேன். "பிறந்ததுலேர்ந்தே பாக்கு போடறியா?"ன்னு பக்கத்துல நின்ன ஒருத்தர் கேட்க, மொத்த வராண்டாவும் சிரிச்சது. அன்னிக்கு ராத்திரியே எனக்குப் பேரு வெச்சுட்டாங்க. பாக்கு. நாலாவது வருஷம் வரைக்கும் அதுதான் என் பேரு.

நீங்க யாராவது பட்டப்பேரோட காலேஜ் முடிச்சவங்களா இருந்தா புரியும். கூப்பிடறவனுக்கு அது ஜாலி. திரும்பிப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் உள்ள ஒண்ணு சுருங்கும். என்னோட ஒரு குரூப் போட்டோலயும் நான் பல் தெரியச் சிரிச்சதில்லை. பேசும்போது கை தானா வாய்க்குப் போயிடும். வைவாவுல பதில் தெரிஞ்சாலும் முணுமுணுப்பேன். கேக்கறவங்க 'பையனுக்குக் கூச்சம்'னு முடிவு பண்ணிடுவாங்க.

கறையைப் போக்க நான் பண்ணாத வித்தை இல்லை. உப்பு, அடுப்புக்கரி, செங்கல் தூள், எலுமிச்சம்பழம், சமையல் சோடா. பிரஷ்ஷை எடுத்தா இரும்புச் சட்டி தேய்க்கிற மாதிரி தேய்ப்பேன். ரத்தம் வந்தா 'ஆஹா, வேலை செய்யுது'ன்னு சந்தோஷப்பட்ட புத்திசாலி நான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு மணி நேரத்துல வெள்ளை

ஃபைனல் இயர். கேம்பஸ் இன்டர்வியூ சீசன். சனி, ஞாயிறுகள்ல மாமல்லபுரத்துல ஒரு ஓட்டல்ல பரிமாறி, நாலு மாசத்துல ஆறாயிரம் ரூபா சேர்த்திருந்தேன். புது ஷூ, புதுச் சட்டை, டைன்னு ரூம்மேட்டுங்க பிளான் போட்டப்போ, நான் அந்தக் காசை எடுத்துக்கிட்டு ஒரு பல் கிளினிக் வாசல்ல போய் நின்னேன்.

ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. 'பல் கூச்சம் உண்டா?'ன்னு ஒரு கேள்வி. எனக்கு லேசா இருந்தது. 'ஆமா'ன்னு போட்டா வேண்டாம்னு அனுப்பிடுவாங்களோன்னு பயம். 'இல்லை'ன்னு டிக் அடிச்சேன். அவங்களும் துருவித் துருவிக் கேக்கலை. அவசரத்துல இருக்கிறவனுக்கும் அவசரத்துல இருக்கிறவங்களுக்கும் டீலிங் சுலபமா முடிஞ்சது.

உதட்டை விரிச்சுப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப். ஈறு மேல ஒரு பாதுகாப்புப் பசை. அதுக்கப்புறம் பல்லு மேல ஜெல். அந்த ஜெல்லோட சரக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவ மெடிக்கல் ஷாப்ல வாங்குறோமே, அதுல ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். கிளினிக்ல போடற ஜெல்லுல சாதாரணமா 25 முதல் 40 சதவீதம் வரை. கால் மணி நேரம் வெச்சுத் துடைச்சு, மறுபடி போட்டு, இன்னொரு தடவை போட்டு... மூணு ரவுண்டு. கடைசியில கண்ணாடியைக் கையில கொடுத்தாங்க.

பொய் சொல்லக் கூடாது. அசந்துட்டேன். காவிக் கோடுகள் முழுசாப் போகலை, ஆனா வெளுத்துத் தேய்ஞ்சுபோன பென்சில் கோடு மாதிரி ஆகியிருந்தது. லிஃப்ட் கண்ணாடியில சிரிச்சுப் பார்த்தேன். பஸ் ஜன்னல்ல சிரிச்சுப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பாட்டி பயந்து வேற சீட்டுக்குப் போயிடுச்சு.

சாம்பார் இல்லாத ரெண்டு நாள்

ராத்திரி எட்டு மணிக்கு ஹாஸ்டல் கூலர்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். டம்ளரோட சேர்ந்து நானும் கீழே விழாத குறை. வெள்ளையாக்கின பிறகு வர்ற இந்த வலி வித்தியாசமானது. சொத்தைப்பல் வலி மாதிரி விடாம குடையாது. சும்மா இருக்கும்போதே திடீர்னு மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டிட்டு, போயே போயிடும். அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. அரியர் ரிசல்ட் மாதிரி.

இதுல இன்னொரு கூத்து. கலர் உள்ள எதையும் ரெண்டு நாளைக்குச் சாப்பிடாதீங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. டீ கூடாது, காபி கூடாது, மஞ்சள், புளி, மிளகாய்ப்பொடி கூடாது. யோசிச்சுப் பாருங்க, நம்ம மெஸ்ல அதெல்லாம் இல்லாம என்ன இருக்கு? இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம். அந்தத் தயிர் சாதமும் ஜில்லுனு இருந்ததால வெந்நீர் ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டேன். மெஸ் அண்ணன், "தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா?"ன்னு ரசம் கொண்டுவந்து ஊத்த வந்தார். தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

இது போதாதுன்னு, என் பழைய வைத்தியத்தையும் விடலை. கூச்சம் போகட்டும்னு உப்பு வெச்சு நல்லா அழுத்தித் தேய்ச்சேன். எரியற அடுப்புல எண்ணெய் ஊத்தின கதைதான். சாதாரணமா ஒண்ணு, ரெண்டு நாள்ல குறைய வேண்டிய கூச்சம், எனக்கு நாலாவது நாள் அதிகமாகி நின்னது.

அந்த நாலாவது நாள்தான் பைக் பயணம். மாமல்லபுரத்துல அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில என் ஊர்க்காரன் ஒருத்தன் படிக்கிறான். அவனைப் பார்க்கத்தான் போனோம். வெண்ணெய் உருண்டைப் பாறையை ஆளாளுக்குக் கையால தாங்கிப் பிடிச்சு போட்டோ எடுத்தோம். "டேய் பாக்கு, இப்பவாவது சிரிடா!" சிரிக்க ஆசைதான். கடல் காத்து விடலை. மறுபடியும் வாயை மூடிக்கிட்டுதான் போஸ் கொடுத்தேன். இளநீர் வாங்கித் தந்தாங்க. ஐஸ் பெட்டியில வெச்ச காய். ஒரு உறிஞ்சல்... வேண்டாம், அதை விவரிக்க மாட்டேன்.

சிற்பக்காரன் மட்டும் சிரிக்காம கேட்டான். விஷயம் முழுக்கக் கேட்டுட்டு, "உப்பு வெச்சு இத்தனை வருஷமா தேய்ச்சியா? கல்லுலயே ஒரு கொத்து அதிகமா விழுந்துட்டா திரும்ப ஒட்ட முடியாதுடா. பல்லு என்ன, வளர்ந்துக்குமா?"ன்னான். அப்புறம் அவனே, "ஒழுங்கா ஒரு டாக்டர்கிட்ட போ. உண்மையைச் சொல்லு"ன்னான்.

"தம்பிக்கு ஊரு தர்மபுரியா?"

மறுநாள் ஒரு அரசு மருத்துவமனையோட பல் பிரிவு. நீளமான வரிசை. என் முறை வந்தது. அந்த டாக்டரம்மா என் வாய்ல லைட் அடிச்சு ரெண்டு செகண்ட் பார்த்தாங்க. "தம்பிக்கு ஊரு தர்மபுரியா, கிருஷ்ணகிரியா?"

நம்புவீங்களா, எனக்கு அழுகை வந்துடுச்சு. செங்கல்பட்டு வந்த நாலு வருஷத்துல, என் பல்லைப் பார்த்துட்டு 'பாக்கா, ஹான்ஸா'ன்னு கேக்காம 'ஊர் எது'ன்னு கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

இதுக்குப் பேரு ஃபுளூரோசிஸ்னு சொன்னாங்க. எங்க பக்கத்துப் பாறைகள்ல ஃபுளூரைடு அதிகம். நிலத்தடியில போற தண்ணி அதைக் கரைச்சு எடுத்துக்கிட்டு போர்வெல் வழியா நம்ம சொம்புக்கு வருது. குடிநீர்ல ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. நம்ம நாட்டு அளவு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லேன்னா 1.5 வரை. அதைத் தாண்டின தண்ணியைச் சின்ன வயசுல குடிச்சா, ஈறுக்குள்ள தயாராகிக்கிட்டிருக்கிற பல்லோட எனாமல் சரியா உருவாகாது. முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு, காவிக் கோடு. எட்டு வயசுக்குள்ள நடந்து முடிஞ்சுடற சமாச்சாரம். அதுக்கப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. ஏன்னா அது மேல படிஞ்ச அழுக்கே இல்லை, பல்லோட ஒரு பகுதி.

சரி, கூச்சம் ஏன்? எனாமலுக்கு உள்ளே டென்டின்னு ஒரு அடுக்கு இருக்கு. அதுல கண்ணுக்குத் தெரியாத குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டர்லயே பல்லாயிரம். உள்ளே திரவம் நிறைஞ்சிருக்கும். ஜில் தண்ணியோ, காத்தோ பட்டா அந்தத் திரவம் அசையும், உள்ளே இருக்கிற நரம்பு 'ஐயோ'ங்கும். 1960-கள்ல ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பிரான்ஸ்ட்ரோம் விளக்கிச் சொன்னது இது. வெள்ளையாக்கும்போது பெராக்சைடு எனாமலைத் தாண்டி, டென்டினைத் தாண்டி, சில நிமிஷத்துலயே நரம்பு இருக்கிற இடம் வரை போயிடுதாம். அங்க கொஞ்ச நாளைக்குத் தற்காலிக எரிச்சல். ஆரோக்கியமான பல்லுன்னா தானா அடங்கிடும்.

என் கேஸ்ல பல்லு ஆரோக்கியமா இல்லை. நான் தேய்ச்ச தேய்ப்புல கீழ் ஈறு இறங்கி, ரெண்டு பல்லுல வேர் வெளியே தெரிஞ்சது. அந்த இடத்துல எனாமலே கிடையாது. அதான் அந்த ஷாக். "முதல்ல அதைச் சரி பண்ணிட்டு, அப்புறம் வெள்ளையாக்கியிருக்கணும். ஃபாரத்துல ஏன்ப்பா பொய் சொன்னே?"ன்னாங்க. பதில் இல்லை. ஆறாயிரம் ரூபா கொடுத்து நானே வாங்கின வலி.

அப்புறம் பஞ்சு மாதிரி ஒண்ணுல எடுத்து பல் வேர்ல ஒரு வார்னிஷ் தடவினாங்க. "என்ன மேடம் இது?" "ஃபுளூரைடுப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பல்லைக் கெடுத்த வில்லனா? ஆமாம், அதே ஆள்தான். குழந்தையில வயித்துக்குள்ள அளவுக்கு மீறிப் போனா வில்லன். இப்ப மேலாகத் துளி தடவினா, திறந்து கிடக்கிற குழாய் வாயை அடைக்கிற ஹீரோ. இதுல ஒரு பழைய கதை வேற உண்டு. அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்ங்கிற ஊருக்கு 1901-ல் மெக்கேன்னு ஒரு இளம் பல் டாக்டர் போனார். ஊர்க்காரங்க பல்லுல எல்லாம் காவிக் கறை, எங்க ஊர் மாதிரியே. காரணம் தேடித் தேடி வருஷங்கள் ஓடி, 1931-ல்தான் தண்ணியில இருக்கிற ஃபுளூரைடுன்னு தெரிஞ்சது. ஆனா கறைப் பல்லுக்காரங்களுக்குச் சொத்தை குறைவா இருந்ததையும் அவர் கவனிச்சிருந்தார். பேஸ்ட்டுல ஃபுளூரைடு வந்ததுக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

நீங்க போறதா இருந்தா...

வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆசை இருந்தா பண்ணிக்கங்க. ஆனா நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டதை நீங்க ஓசியில வாங்கிக்கங்க.

* முதல்ல முழு செக்கப். சொத்தை, விரிசல், ஈறு இறக்கம் இருந்தா அதைச் சரி பண்ணின பிறகுதான் வெள்ளை. ஃபாரத்துல உண்மையை எழுதுங்க.

* பதிவு பெற்ற பல் டாக்டர் மட்டும். முடி வெட்டற இடத்துல பல்லைக் கொடுக்காதீங்க.

* கூச்சத்துக்கான பேஸ்ட்டை ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. அட்டையில 'பொட்டாசியம் நைட்ரேட்'னு இருக்கான்னு பாருங்க. அது நரம்பை அமைதிப்படுத்தும். போட்ட உடனே வேலை செய்யாது, பொறுமை வேணும். தேய்ச்சதும் துப்புங்க, தண்ணி விட்டுக் கொப்பளிச்சுக் கழுவிடாதீங்க.

* வெள்ளையாக்கின பிறகு ரெண்டு, மூணு நாள் வெதுவெதுப்பான தண்ணிதான். ஐஸ், சோடா, எலுமிச்சை ஜூஸ், ஊறுகாய் எல்லாம் அப்புறம்.

* மென்மையான பிரஷ், மென்மையான கை. புளிப்பு சாப்பிட்ட உடனே தேய்க்கக் கூடாது, அரை மணி நேரமாவது விடுங்க. கரி, உப்பு, செங்கல் தூள், எலுமிச்சை: நாலுக்கும் பெரிய கும்பிடு.

* வலி தாங்கலைன்னா மாத்திரையை டாக்டரைக் கேட்டுப் போடுங்க. அடுத்த சிட்டிங்கைத் தள்ளிப் போடச் சொல்லுங்க. சக்தி குறைஞ்ச ஜெல்லை ட்ரேயில வெச்சு வீட்டுலயே மெதுவாப் பண்ற முறையும் இருக்கு. மெதுவா வர்ற வெள்ளைக்கு வலியும் குறைச்சல்.

* ஒரே ஒரு பல் மட்டும் வலிக்குது, ராத்திரி தூங்க விடலை, ரெண்டு வாரம் ஆகியும் குறையலைன்னா அது வெறும் கூச்சம் இல்லை. உடனே போய்க் காட்டுங்க.

* பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கும் கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் இது வேண்டாம்.

* என்னை மாதிரி ஃபுளூரோசிஸ் கறைன்னா, வெள்ளையாக்கறது மட்டும் முழுசாப் போக்காது. வேற சிகிச்சைகளும் இருக்கு. எது சரின்னு டாக்டர் சொல்லட்டும்.

கடைசியா, இன்டர்வியூ

பத்து நாள்ல கூச்சம் அடங்கிடுச்சு. இன்டர்வியூவுல நல்லாவே சிரிச்சேன். வேலை கிடைச்சுதான்னு கேக்கறீங்களா? ரெண்டாவது ரவுண்டுல அவுட். காரணம் பல் இல்லை, டேட்டா ஸ்ட்ரக்சர். அதுக்கு ஜெல் கிடையாதாம், உக்காந்து படிக்கணுமாம். படிச்சுக்கிட்டிருக்கேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். என் தங்கச்சி 2014-ல் பிறந்தவ. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல இந்த ஃபுளூரைடு பிரச்னையைத் தீர்க்கணும்னே, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோட காவிரித் தண்ணியைக் கொண்டுவந்த திட்டம். 2013-ல் தொடங்கி வெச்சாங்க. அப்ப எனக்கு ஒன்பது வயசு. என் பல்லெல்லாம் உள்ளேயே தயாராகி முடிஞ்சிருந்தது. அவ பிறந்தப்போ எங்க தெருக்குழாய்ல காவிரி வந்துடுச்சு. "அண்ணா, உனக்கு ஆறாயிரமா? எனக்கு ஃப்ரீ"ன்னு பல்லைக் காட்டிச் சிரிக்கிறா. ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை. எந்த கிளினிக்கும் பண்ண முடியாத வேலையை ஒரு குழாய் பண்ணியிருக்கு.

அப்பா என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார். "வலிச்சுதாடா கண்ணு?"ன்னார். "இல்லப்பா"ன்னு பொய் சொன்னேன். "எங்க காலத்துல தண்ணிதான் காரணம்னு யாரும் சொல்லலை. தெரிஞ்சிருந்தா உனக்கு அதைக் கொடுத்திருப்பமா?"ன்னு சொல்லிட்டு, வழக்கம் போல துண்டால வாயை மூடிக்கிட்டார்.

அப்பதான் உறைச்சது. வாயை மூடற பழக்கத்தை நான் எங்கே கத்துக்கிட்டேன்னு. நாலு வருஷம் என்னை 'பாக்கு'ன்னு கூப்பிட்டப்போ, ஒரு தடவையாவது 'இது எங்க ஊர்த் தண்ணிடா'ன்னு நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். எனக்கே தெரியாம இருந்தது. இப்பத் தெரியும். திரும்பி வந்ததும் ஹாஸ்டல் வராண்டாவுல எல்லார் முன்னாடியும் சொன்னேன். அந்தப் பேரு அப்படியே நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாதிப் பேரு இப்ப என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்தேன். தங்கச்சி, அப்பா, நான். அப்பா தோள்லேர்ந்த துண்டை நான்தான் உருவி வெச்சுக்கிட்டேன். "சிரிங்கப்பா, பல்லு தெரியட்டும்." அவர் கொஞ்சம் தயங்கி, அப்புறம் சிரிச்சுட்டார். காவிப் பல், தேய்ஞ்ச காவிப் பல், வெள்ளைப் பல். வரிசையா மூணு தலைமுறைத் தண்ணி மாதிரி இருக்கு அந்தப் படம். இப்ப அதுதான் என் செல்போன்ல முகப்புப் படம்.

நேத்து மறுபடி மாமல்லபுரம் போனேன். அதே பைக், அதே காத்து, அதே பாவியோட கடி ஜோக். வாயை நல்லாத் திறந்து, 'ஸ்ஸ்ஸ்'னு இழுத்துப் பார்த்தேன்.

பல்லு கூசலை. எனக்கும்தான்!